சூடேறிய பின் சுருதி

லிமரிக்
8 அக்டோபர் 2006

அன்புள்ள மோயா,

நான் மின்னஞ்சல் எழுதினால் ஆய்வறிக்கை மாதிரி இருக்கிறது என்று குத்திக்காட்டுவாயே, அதனால்தான் இந்தத் தாள். இங்கே ஒரு வாரமாக விடாமழை. உன் அக்கா ஜாம் கொடுத்தனுப்பினாள், பாதியை நம் ஆய்வகத்து பிரெண்டன் தின்றுவிட்டான்.

நம் ஊதுபெட்டி மானத்தை வாங்குகிறது. இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை டப்ளின் கம்பெனிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். மேசைமேல் வைத்தால் தகடு துடித்து, துளைவழியே காற்றை ஊதி, கணினிச் சில்லை ஜில்லென்று குளிர்விக்கிறது. விசிறி நுழையாத அந்த ஒல்லிப் பெட்டிக்குள் வைத்து மூடினால், அரைமணியில் காற்று செத்துப்போகிறது. தகட்டின் துடிப்பைக் காலையில் சுருதி சேர்த்தபடியேதான் விட்டிருக்கிறேன். உன் காது இருந்தால் உடனே கண்டுபிடித்துவிடும். ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.

ஹர்லிங் இறுதிப் போட்டியன்று ஊரே ரேடியோ முன்னால் கிடக்க, நாம் இருவர் மட்டும் பிஸ்கட் டப்பாவில் துளை போட்டு, உள்ளே ஒலிபெருக்கியை ஒட்டி, எதிரே மெழுகுவர்த்தி வைத்தோமே. சுடர் அணைந்ததும் நீ, "ஏய், யாரு ஊதினது?" என்றாய். "உங்கம்மாவா இருக்கும், என்னைக் கண்டாலே ஆகாதே" என்றேன். சிரித்துச் சிரித்து உனக்கு விக்கல் வந்துவிட்டது. அந்த நாள் திரும்பக் கிடைக்குமா?

அன்புடன்,
டோனல்

கார்க்
12 அக்டோபர் 2006

அன்பு டோனல்,

நவம்பர் பிறக்காமல் பல்கலைக்கழகம் கணப்புப் போடாது. நீ கோட்டைக்கூடக் கழற்றாமல், விறைத்த விரலோடு சுருதி சேர்ப்பாய். சூடேறினால் தகட்டின் இயல்பான துடிப்பு இறங்கிவிடும், நீயோ காலையில் சேர்த்த கணக்கிலேயே அதைத் துடிக்கவைத்துக்கொண்டிருக்கிறாய். பெட்டியை மூடு, நன்றாகச் சூடாகவிடு, அப்புறம் சேர். இத்தனை வருடம் நாம் இரண்டு பேருமே குளிரில் சேர்த்துவிட்டு, சூட்டில் அது பாடவில்லை என்று திட்டியிருக்கிறோம். இதற்கு என் காது தேவையில்லை, ஒரு ஒலிவாங்கி போதும்.

மெழுகுவர்த்தியைப் பற்றி எழுதியிருந்தாய். படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன், பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். ஆனால் உன் கடிதத்தில் என் காதை விசாரித்திருக்கிறாய், என்னை விசாரிக்கவில்லை.

ஜனவரியில் நான் இந்த வேலைக்குக் கிளம்பியபோது ஸ்டேஷனில் என்ன சொன்னாய், நினைவிருக்கிறதா? "நல்ல சம்பளம், விட்டுடாத, போயிட்டு வா." ‘போகாதே’ என்று ஒரு வார்த்தை வருமா என்று, அந்தக் குளிரிலும் ரயில் நகரும்வரை அதன் வாசலிலேயே நின்றேன்.

வெள்ளிக்கிழமை நல்லபடி நடக்கட்டும். முடி வெட்டிக்கொள்.

மோயா

லிமரிக்
22 அக்டோபர் 2006

என் மோயா,

முடி வெட்டிக்கொண்டேன். ஊதுபெட்டியும் பாடியது! மூடிய பெட்டிக்குள் ஒரு மணி நேரம் தாண்டியும் காற்று குறையவில்லை. டப்ளின்காரர் துளைக்கு நேரே விரலை நீட்டி, "விசிறியும் இல்ல, குழாயும் இல்ல, காத்து எங்கேருந்துங்க வருது?" என்று கேட்டார். "பெட்டியில இருக்கிற காத்துதாங்க. உள்ள இழுத்து வெளிய தள்ளுது" என்றேன். கை தட்டினார்கள்.

உன் முகத்தைப் பார்க்கலாம் என்று இடப்பக்கம் திரும்பினேன். பிரெண்டன் சாண்ட்விச் மென்றுகொண்டு நின்றான்.

வீட்டுக்கு வா, மோயா. ஆய்வகத்துக்காக இல்லை. நீ இல்லாமல் எனக்கு எதுவும் பிடிக்கவில்லை. எப்படி இருக்கிறாய்?

உன்,
டோனல்

கார்க்
30 அக்டோபர் 2006

டோனல்,

உன் கடிதத்தை பஸ்ஸில் படித்தேன், அழுதேன். ஊதுபெட்டி ஜெயித்ததில் எனக்குப் பெருமைதான்.

நான் வரவில்லை.

நாம் சந்தோஷமாக இருந்த நாட்களையெல்லாம் யோசித்துப் பார்த்தேன். எல்லாமே அந்த ஆய்வக மேசையருகில்தான். வீட்டில் இருந்த ஒரு நல்ல நாளாவது அகப்படுமா என்று தேடினேன். களைத்துப்போன இரண்டு பேர் ஆளுக்கொரு தட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வக்கீலைப் பார்த்தேன். நாலு வருடம் பிரிந்து வாழ்ந்தால்தான் இந்த நாட்டில் விவாகரத்து. ஜனவரியிலிருந்தே கணக்கில் எடுத்துக்கொள்ளலாமாம். நீ சம்மதிப்பாய் என்று நம்புகிறேன்.

எப்படி இருக்கிறேன் என்று கேட்டாயே. நன்றாகத் தூங்குகிறேன், டோனல். இதை எழுதும்போது உன்மேல் எனக்குத் துளிக் கோபமும் இல்லை. கோபம் இருந்தவரைக்கும், என்றாவது திரும்பி வருவேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மோயா