முள்ளெலியும் கைநாட்டும்

பேரனின் ஆங்கிலப் படப்புத்தகம் இன்று காலை கையில் கிடைத்தது. இங்கிலாந்தின் கடற்கரையிலும் காடுமேடுகளிலும் வாழும் உயிர்கள். கடல்நாய், நரி, ஊதாப் பூக்கள் என்று புரட்டிக்கொண்டே வந்தவள் முள்ளெலியின் படத்தில் நின்றுவிட்டேன். அறுபது வருஷத்துக் கோபம் திரும்பி வந்தது. தோழி, நீ போய்ச் சேர்ந்து இன்னும் பதினாறு நாள்கூட ஆகவில்லை.

கார்வேட்டிநகரத்துப் பள்ளியில் நமக்கும் இதே பாடம்தான். வாத்தியார் படத்தைக் காட்டி, "இது சீமையில மட்டும் இருக்கிற பிராணி" என்றார். நீ எழுந்தாய்.

"நாங்க வேல செய்ற மல்லாட்டக் கொல்லையில கீது சார். தொட்டா பந்து மாரி சுருட்டிக்கும்."

"பொய் சொல்றியா?"

மறுநாள் அதைக் கூடையில் கொண்டுவந்து அவர் மேசைமேல் வைத்தாய். முள்பந்து மெல்லப் பிரிந்து மூக்கை நீட்டியது. வகுப்பே எட்டிப் பார்த்தது. தப்பை ஒப்புக்கொள்ள அவருக்கு வாய் வரவில்லை, வசவுதான் வந்தது.

"கண்டதப் புடிச்சித் துன்ற புத்தி போவுதா பாரு! இனிமே இங்க கால் வெக்காதே."

கூடையை ஜன்னல் வழியே எறிந்தார். உன் முதுகில் பிரம்பு இறங்கியது. முந்தின நாள் வேலியோரம் உன்னோடு குனிந்து அந்த முள்ளெலியைக் கூடைக்குள் தள்ளியவள் நான். நீங்கள் வேலை செய்த அந்த நிலக்கடலைக் கொல்லைக்காரர் மகள். நானும் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அந்த வருஷம்தான் எல்லைத் தகராறு முற்றியது. நம் ஊர் ஆந்திராவுக்கா, சென்னைக்கா என்று எங்கும் அதே பேச்சு. ஊரைச் சென்னையோடு சேர்க்கக் கேட்கும் மனுவை எடுத்துக்கொண்டு அதே வாத்தியார் உங்கள் தெருவுக்கு வந்தார். "நாமெல்லாம் தமிழர், ஒரு கைநாட்டு வையப்பா" என்றார். உன் நைனா எழுந்து நின்றார்.

"எம் பொண்ண மொதல்ல பள்ளிக்கூடத்துல சேத்துக்கோ சாமி. அப்பால வெக்கிறேன்."

"அது வேற, இது வேற."

நைனா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடித்துக்கொண்டார்.

கோடு போட்டார்கள். நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. தமிழ் போச்சே என்று வாத்தியார் ஊர் நடுவில் நின்று அழுதார். அந்த நேரம் நீ எங்கள் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தாய்.

பல வருஷம் கழித்து, புத்தூர் பஸ் ஸ்டாண்டில் உன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். நீ சிரித்தாய்.

"நீ சின்னப் பொண்ணு, பயந்துகினே. உடு. அவ்ளோ பெரிய மனுசன் எதுக்குப் பயந்தாரு? அதச் சொல்லு."

என்னைப் போகட்டும் என்று விட்டுவிட்டாய். என்னால்தான் விட முடியவில்லை, அவரையும் என்னையும்.