சசியின் பைன் மரத்துக்கு நான் பார்த்த வைத்தியம்

திரிங்காப்,
ஜூன் 14, சனிக்கிழமை

அன்புள்ள சசிரேகாவுக்கு,

உன் கணவன் குணாளன் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், நாய் நலம், போன வாரம் பிரேக் மாற்றியதிலிருந்து லோரியும் நலம். ஜொகூரில் நீயும் பூவிழியும் மருமகனும் பேத்தியும் நலமாக இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். நலமாக இருப்பவர்களின் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போனதை நீ இந்நேரம் கவனித்திருப்பாய். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய். ஐந்து மாதமாக அதுதானே நடக்கிறது? காகிதத்தில் கத்த முடியாது. நீயும் பாதியில் வைக்க முடியாது. வைத்தாலும் திரும்ப எடுத்துப் படித்துவிடுவாய், உன்னை எனக்குத் தெரியும்.

முதலில் போட்டோ விஷயம். வாரா வாரம் வாட்சாப்பில் நான் அனுப்பிய உன் பைன் மரத்துப் படங்கள் எல்லாம் ஒரே நாளில் எடுத்தவை. நீ போன மறுவாரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து பதினெட்டுப் படம் எடுத்து வைத்திருந்தேன். எல்லாப் படத்திலும் பின்னால் கொடியில் அதே நீலக் கைலி. ஏப்ரல் மாதம் நீ, "என்னங்க, அங்க மழை நிக்கவே இல்லையா, அந்தக் கைலி இன்னும் காயலையா?" என்று கேட்டபோது எனக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. ஆமாம், சரியான மழை என்றேன். அன்றைக்கு இங்கே சுள்ளென்று வெயில்.

மரம் சாகக் கிடக்கிறது, சசி. கடிதத்தைக் கிழித்துவிடாதே. நடந்ததை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன்.

நீ கிளம்பிய அன்று நான் லோரிக்காரர்கள் முன்னால் சொன்னது உனக்கு மறந்திருக்காது. "இந்த மரத்த இருபத்திரண்டு வருஷமா வளர்க்குறா, முழங்கால் உயரம் தாண்டல. என் கோபிஸ் எண்பது நாள்ல தலை கட்டிடுதுலா" என்றேன். அந்த முட்டைக்கோஸ் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. காரில் ஏறும்போது, "அந்த வீட்டுல எனக்குன்னு இருக்குறது அந்த மரம் ஒண்ணுதான். அது செத்தா சொல்லிடுங்க, நான் வரல" என்றாய். காது கேட்காதவன் போலக் கதவைச் சாத்தினேன். நன்றாகத்தான் கேட்டது. பூவிழிக்குப் பிள்ளைப்பேறு பார்க்கப் போனவள் நாற்பது நாளில் வந்துவிடுவாய் என்று நினைத்தேன். பேத்திக்கு இப்போது நாலரை மாதம்.

நீ வந்து பார்க்கும்போது மரம் கொழுகொழுவென்று நிற்க வேண்டும், நீ அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஒரு வீம்பு. தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே மண்ணே இல்லை, எல்லாம் சரளைக்கல். அடிப்பாவி, இத்தனை வருஷம் மரத்தைப் பட்டினி போட்டிருக்கிறாளே என்று வயிறு எரிந்தது. அதோடு வேரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. வெள்ளைப் பூஞ்சை என்றால் எனக்கு உயிரே நடுங்கும் என்று உனக்குத் தெரியும். நமக்குக் கல்யாணமான புதிதில் மேல்பாத்தி முட்டைக்கோஸ் முழுவதையும் அழுகவைத்தது அதுதானே. ரப்பர் குழாயை வைத்து வேரைப் பளபளவென்று கழுவி, பூஞ்சை மருந்தில் முக்கி எடுத்து, நல்ல கறுப்பு மண்ணும் கோழி எருவும் போட்டு நட்டு, பிளாஸ்டிக் கூரைக்குள் நாற்றுகளோடு வைத்து, மூன்று வேளையும் தண்ணீர் காட்டினேன். பூவிழியைக்கூட நான் அப்படிக் கவனித்தது கிடையாது.

இரண்டு மாதம் பச்சைப் பசேலென்று நின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கீழ்க்கிளை ஊசியிலைகள் மஞ்சளாயின. பக்கத்துத் தோட்டத்து நாகப்பன் வந்து பார்த்து, "பசிண்ணே, வேற ஒண்ணும் இல்ல, இன்னும் எரு போடுங்க" என்றான். போட்டேன். மஞ்சள் பழுப்பானது. "அப்ப பத்தலண்ணே" என்றான். அதையும் கேட்டு இன்னும் போட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். மே கடைசியில் ஒரு நாள் கிளையைத் தொட்டேன், ஒரு பிடி இலை கையோடு வந்துவிட்டது. அப்படியே நாற்று மேடையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் மரத்தை லோரியின் முன்சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுவிட்டு, பிரிஞ்சாங்குக்குக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறானே கமருஸ்ஸமான், அவன் கடைக்குப் பின்னால் எட்டுக் குட்டை மரம் வளர்க்கிறான். மாவு பிசைந்த கையைக் கழுவிவிட்டு வந்தான். சாத்தே இறைச்சி குத்தும் மூங்கில் குச்சி ஒன்றை மண்ணில் செருகிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து உருவினான். சொதசொதவென்று வந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு என் மூக்கருகே நீட்டினான். சாக்கடை நாற்றம். "எத்தன தடவ தண்ணி ஊத்துனீங்க?" என்றான். மூன்று வேளை என்றேன். "அண்ணே, மரத்த ரசத்துல ஊறப் போட்டுட்டீங்கலா" என்றான்.

வேரைக் கழுவிய கதையைச் சொன்னதும் தலையில் கையை வைத்துக்கொண்டான். பைன் மரத்துக்கு அந்த வெள்ளைப் பூஞ்சைதான் சோறு ஊட்டுமாம். "பெத்த தாய வீட்ட விட்டுத் தொரத்திட்டு, புள்ளைக்கு டின்னு பாலு வாங்கிக் குடுத்துருக்கீங்க" என்றான். நீ வைத்திருந்த சரளைக்கல்லும் பட்டினி இல்லையாம், வேர் மூச்சு விடுவதற்காம். "அக்கா எவ்ளோ அழகா வச்சிருந்துருக்காங்க" என்று வேறு சொல்லிவிட்டான். எனக்குத் தலை நிமிரவில்லை.

கிளையை நகத்தால் கீறினான். உள்ளே இலேசாகப் பச்சை தெரிந்தது. உயிர் இருக்கிறது என்றான். ரொட்டி வீசும் மேசையிலேயே ஆபரேஷன். கறுத்து அழுகிய வேரையெல்லாம் வெட்டியபோது நான் திரும்பி நின்றுகொண்டேன். அவன் மனைவி ஃபௌசியா எனக்கு ஒரு தே தாரிக் ஆற்றிக் கொடுத்து உட்காரவைத்தாள். மூன்றில் ஒரு பங்கு வேர்தான் மிச்சம்.

அந்தப் பூஞ்சையைத் திரும்பக் கொண்டுவர, வேறொரு பைன் மரத்தடி மண் வேண்டும் என்றான். நீ நர்சரியில் வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில், துரை பங்களாவுக்குப் பின்னால் ஒரு பைன் இருக்கிறதே, அதன் கன்றுதானே இது, அங்கேயே போனோம். இரண்டு பேரும் மரத்தடியில் குந்தி மண்ணைக் கிளறி, முகர்ந்து முகர்ந்து டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தபோது வாட்ச்மேன் பார்த்துவிட்டான். "எலுமிச்சம்பழம் எங்க வச்சிருக்கீங்க?" என்றான் கோபமாக. மரத்துக்கு மருந்து என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சாயங்காலத்துக்குள் லயன் வீடுகள் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. பெண்டாட்டியைத் திரும்ப வரவைக்கக் குணாளன் ரொட்டிக் கடை மாமக்கைக் கூட்டிவந்து மாந்திரீகம் பண்ணுகிறானாம். கோயில் தலைவர் போன் செய்து, அந்த வழிக்கெல்லாம் போகாதே தம்பி, அம்மனுக்கு ஒரு அர்ச்சனை வை என்றார். நான் மறுக்கவில்லை. எதற்காக மண் எடுத்தேன் என்பதை அவர்கள் சரியாகத்தான் சொல்கிறார்கள்.

இப்போது மரம் சரளைக்கல்லும் அந்த மண்ணும் கலந்த தொட்டியில், ஆடாமல் இருக்கக் கம்பி கட்டி, நீ வழக்கமாக அதை வைக்கும் பழைய பலகை மேல் காலை வெயிலில் இருக்கிறது. எருவும் மருந்தும் கிடையாது. குச்சி காய்ந்து வந்தால்தான் தண்ணீர். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நான் குச்சி விட்டுப் பார்ப்பது தெரிந்து, "குத்திக் குத்தியே கொன்னுருவீங்க, கைய மடக்கிட்டு ஒக்காருங்க" என்று கமருஸ்ஸமான் திட்டினான். கையை மடக்கிக்கொண்டு உட்காருவது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாது. நீ இருபத்திரண்டு வருஷம் செய்திருக்கிறாய். அதைப் பார்த்துத்தான் நான் ஊர் முன்னால் சிரித்தேன். தப்பு என்னுடையதுதான், சசி. மன்னித்துவிடு.

பிழைக்குமா என்று இப்போதைக்குச் சொல்ல முடியாதாம். பைன் மரம் செத்த பிறகும் இரண்டு மாதம் பச்சையாகவே நிற்குமாம், பச்சையை நம்பக் கூடாதாம். ஆகஸ்டில் நுனியில் மொட்டு வந்தால் உண்டு. இல்லையென்றால் இல்லை.

பேத்தி நூறு வயது நன்றாக இருக்கட்டும். பூவிழியை வேளைக்குச் சாப்பிடச் சொல்.

மொட்டு வந்த பிறகு நல்ல சேதியாக எழுதலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். பிழைத்தது என்று எழுதினால் நீ மரத்துக்காக வருவாய். பட்டுப்போனது என்று எழுதினால் வரவே மாட்டாய். இரண்டிலும் நான் எங்கே இருக்கிறேன்? அதனால்தான் இரண்டும் தெரியாத இந்த வாரத்தில் எழுதுகிறேன். தெரிவதற்கு முன்னாலேயே வந்துவிடு.

இப்படிக்கு,
வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
குணாளன்