தேய்க்கக் கூடாத பானை

என் பிரியத்துக்குரியவருக்கு,

செங்கல்பட்டு வீட்டில் உங்கள் ஆய்வுக் கண்ணாடிக் குவளைகளைக் கழுவி வரிசையாக வைத்திருக்கிறேன். ஒன்றின் அடியில் மட்டும் துருநிற வளையம் போகவில்லை.

சதுரங்கப்பட்டினத்துக் கன்னியம்மா வந்திருந்தாள். பாத்திரப் பட்டறையின் அமிலக் கழுவுநீர் ஊறிக் கிணற்றில் செம்பு கலந்தபோது, நீரை வடிகட்ட நீங்கள் வைத்துக்கொடுத்த மணல் பானையைப் பார்த்துக்கொள்கிறவள். குழந்தைகளுக்கு மறுபடியும் வாந்தி என்றாள்.

"பானையை என்ன செய்தாய்?"

"இன்னா செஞ்சேன்? மணலு முச்சூடும் செவப்பா சேறு புட்ச்சிகினு இருந்துச்சு. பொங்கலாச்சேன்னு புளி போட்டு தேச்சு, வெள்ளையா அலசி வெச்சேன். சாரு இருந்தா மெச்சிகினு இருப்பாரு."

மெச்சியிருப்பீர்களா? அந்தத் துருச் சேறுதானே மருந்து. "உறிஞ்சுவது வேறு, ஒட்டிக்கொள்வது வேறு, அமலா. செம்பு உள்ளே போவதில்லை. ஈரத் துருவின் மேல் வந்து பிடித்துக்கொள்கிறது. புளிப்பு பட்டால் துரு, செம்பு இரண்டுமே கழன்று போய்விடும்" என்பீர்கள். அழுக்கு என்று சலித்தபடிதான் பக்கத்தில் நிற்பேன். ஆனாலும் நீங்கள் செய்வதையெல்லாம் கண் பார்த்துக்கொண்டிருந்தது.

உங்கள் இரும்பு உப்புப் புட்டியும் அமோனியாப் புட்டியுமாக பஸ் ஏறினேன். கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் எழுந்துகொண்டிருக்கிறது, வழியெல்லாம் லாரிகள். கன்னியம்மா வீட்டு வாசலில் உப்பைக் கரைத்து, சுண்ணாம்புத் தெளிவை மெல்ல ஊற்றினேன். பழுப்பு மேகங்கள் திரண்டு, அவசரமே இல்லாமல் கீழே இறங்கின. அலைச்சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நீங்கள் பின்னால் நிற்பதாக நினைத்து, திரும்பாமலே இருந்தேன்.

"இன்னாம்மா, எங்கூட்டுல உக்காரவே துணி விரிப்பீங்கோ. இப்ப முழங்கை வரிக்கும் சேறு பூசிகினு கீறீங்கோ?"

"பேசாமல் மணலைக் கலக்கு" என்றேன்.

மணலில் துரு பிடித்துக் காய்ந்த பிறகு, அலசிப் பானையில் இட்டோம். மறுநாள் கிணற்று நீரையும் பானை நீரையும் தனித்தனியே வற்றக் காய்ச்சி, அமோனியா விட்டேன்; செம்பு இருந்தால் நீலம் காட்டும் என்பீர்களே. கிணற்று நீர் நீலமானது, மாமல்லபுரத்தில் நாம் முதன்முதலாக நின்று பார்த்த காலைக் கடலைப்போல. பானை நீரில் நிறமே இல்லை. அவ்வளவு அழகான நிறம் வராததற்காக நான் மகிழ்ந்தது அன்றுதான்.

"அப்போ பொங்கலுக்குக்கூட தேய்க்கக் கூடாதா?" என்று கன்னியம்மா கேட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். "செரி, பானைய நீங்களே வந்து காவல் காத்துக்கோங்கோ. எனக்குக் கை சும்மா இருக்காது."

காப்பேன். வருகிற பொங்கலுக்கு முதல் நாளே போய், அந்தப் பானை அருகில் உட்கார்ந்துவிடுவேன். உங்கள் குவளையிலுள்ள வளையத்தையும் இனித் தேய்க்கமாட்டேன்.

இன்றும் உங்கள் மனைவி,
அமலா