இரண்டு காதும் ஒரே படத்தில்

மார்ச் 28, வெள்ளி

காலையிலேயே சுள்ளென்று வெயில். ஸ்கேன் அறை ஏசி படுத்துவிட்டது. சி.டி. மெஷினை அணைத்தாயிற்று. மெக்கானிக் மாலைக்குத்தான் வருவாராம். தலைவலி.

புதுச்சேரி காது டாக்டரிடமிருந்து போன். புதன்கிழமை நான் லீவு, ஜூனியர் சேகர் எடுத்த கேஸ். காவ்யா, ஆறு வயது, மயிலம் பக்கம். இடது காதில் சீழ். ஆபரேஷனுக்கு முன்னால், உள்ளே இருக்கும் குட்டி எலும்புகள் நன்றாக இருக்கின்றனவா, அரித்துப் போயினவா என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும். படத்தில் ஒன்றும் புரியவில்லை, திரும்ப எடுங்கள் என்றார். கோபப்படவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

படத்தைப் பார்த்தேன். இரண்டு காதும் ஒரே சட்டத்தில், தலை அகலத்துக்கு. சட்டம் பெரிதோ சிறிதோ, படத்தில் புள்ளிகள் அதே எண்ணிக்கைதான். அகலமாக வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் பெருத்துவிடும். நொய் அளவு எலும்பு அதில் எங்கே தெரியும்? பெரிதாக்கிப் பார்த்தேன், கட்டம் கட்டமாக மங்கல். ஒவ்வொரு காதுக்கும் தனிச் சட்டம் வைத்திருக்க வேண்டும்.

சேகரைக் கேட்டேன். “அவங்கம்மா தாங்க்கா சொன்னாங்க. ரெண்டு பஸ் மாறி டாக்டராண்ட போவணும், தனித்தனியா குடுத்தா ஒண்ணு எங்கியாவது பூடும், ஒரே படமா குடுங்கன்னாங்க.”

இரண்டு காதையும் தனித்தனிச் சட்டத்தில் எடுத்து, ஒரே ஃபிலிமில் அச்சடித்திருக்கலாம். அச்சடிப்பது வேறு, சட்டம் வைப்பது வேறு. பையன் குழப்பிக்கொண்டான்.

திரும்ப எடுத்தால்: திரும்பத் தூக்க மருந்து (போன தடவை வாந்தி), திரும்பக் கதிர்வீச்சு. ஆறு வயசுக்கு. எனக்கு மனசே ஆறவில்லை.

ஒரு வழி உண்டு. ஸ்கேனின் மூலப் பதிவு மெஷினில் இன்னும் இருந்தால், குழந்தையைப் படுக்க வைக்காமலே சின்னச் சட்டத்தில் புதுப் படம் எடுக்கலாம். ஆனால் இடம் நிரம்பினால் மெஷின் பழையதைத் தானே அழித்துவிடும். இருக்கிறதா, போய்விட்டதா? மெஷினைப் போட்டால்தான் தெரியும். எதற்கும் நாளைக்குக் குழந்தையை வெறும் வயிற்றோடு கூட்டி வரச் சொல்லியாயிற்று.

பால் வாங்க மறந்தேன்.

மார்ச் 29, சனி

விழுப்புரம் பாசஞ்சர் பேரணி ஸ்டேஷனில் நின்றது நின்றதுதான். சிக்னல். எதிர் சீட்டில் நிலக்கடலை அறுவடைப் பேச்சு: “மல்லாட்டை புடுங்க ஆளே கெடைக்கல, இதுல இவன் வேற நிறுத்திக்கினு கீறான்.” சேகருக்குப் போன் மேல் போன். எடுக்கவில்லை. கடைசியில் எடுத்தான்.

“ஏசி சரியாயிடுச்சுக்கா. ஆனா பைபாஸ்ல வேன் ஆக்சிடென்ட், வரிசையா கேஸு. மூணாவது ஆள படுக்க வச்சிக்கினு கீறேன்.”

காவ்யா பதிவு இருக்கிறதா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். முதலில் அதை அழியாதபடி பூட்டி வை என்று சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது, மண்டை உடைந்தவனைக் காக்க வைக்க முடியுமா. ஒவ்வொரு ஸ்கேனும் ஒரு பழையதைத் தள்ளும். இறங்கி நடந்துவிடலாமா என்றிருந்தது.

திண்டிவனம். ஆட்டோ. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மெஷினில், பட்டியலின் கடைசிப் பெயர் காவ்யா. அடுத்து அழிய வேண்டியது அதுதான். பூட்டினேன்.

சின்னச் சட்டம், இடது காது மட்டும். கொஞ்சம் மணல் மணலாக இருந்தது, பரவாயில்லை. எலும்பின் ஓரமெல்லாம் கோடு போட்ட மாதிரி. அப்படி ஒரு சந்தோஷம். சேகரைக் கூப்பிட்டுக் காட்டப் போனேன்.

அப்புறம்தான் பார்த்தேன். மூன்று குட்டி எலும்புகளில் நடு எலும்பு பாதிதான் இருக்கிறது. மீதி அரித்துவிட்டது. வலது காதையும் எடுத்துப் பார்த்தேன், அங்கே முழுசாக இருக்கிறது. இரண்டையும் டாக்டருக்கு அனுப்பினேன். சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

வெளியே காவ்யாவும் அம்மாவும். “காலைலேர்ந்து பச்சத் தண்ணிகூடக் குடுக்கலீங்க மேடம்.”

மறுபடி எடுக்க வேண்டாம், சாப்பிடக் கொடுங்கள் என்றேன். மற்றதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லக் கூடாது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பையிலிருந்து பன் எடுத்துக் கொடுத்துவிட்டு, குழந்தையின் வலது பக்கம் மாறி உட்கார்ந்து, நல்ல காதில் சொன்னார்: “மெஷினு வாணாவாம்டி. எல்லாம் தெரிஞ்சிடுச்சாம்.”

காவ்யா சிரித்தாள். நான் உள்ளே வந்துவிட்டேன்.