அத்தாவின் கடைவாய்ப் பற்கள்

அன்பு மகன் ஜாவித்துக்கு, அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகள் யுஸ்ராவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். நான் நடமாட்டமாக இருக்கிறேன், அத்தாவைப் பற்றித்தான் எழுதவேண்டியிருக்கிறது. போனில் சொல்ல வழியில்லை, நீ கூப்பிட்டாலே அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடு என்கிறார், அதனால்தான் இத்தனை நாளும் எல்லாம் நல்லது நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு ஆஸிம் மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

எதுவும் நல்லதாக இல்லை ஜாவித். கன்னத்தில் வந்த புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை என்று கரண்ட் வைத்தார்களே, அதற்கு முன்னாலேயே பல் டாக்டர் பூஜிதா, கெட்டுப்போன கடைவாய்ப் பற்களை எடுத்துப் புண் ஆறிய பிறகுதான் கரண்ட் வைக்கவேண்டும், கரண்ட் பட்ட தாடையில் பிறகு பல்லைப் பிடுங்கினால் எலும்பே ஆறாமல் போகலாம் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். உன் அத்தாவோ மேட்டுப்பாளையம் பாக்கு மண்டியில் மூட்டையைக் குத்தி ஒரு பாக்கை எடுத்துக் கடைவாயில் கடித்தே எந்தத் தோட்டத்துச் சரக்கு, எவ்வளவு காய்ந்தது என்று சொல்கிற ஆள். "இந்தப் பல்லுலதானுங்க டாக்டரம்மா எங்க ஊட்டுச் சோறே இருக்குது, இதப் புடுங்கிப்போட்டா நான் மண்டிக்குப் போயி என்னத்தப் பண்றதுங்க" என்று கேட்டார். பல் எடுக்கச் சம்மதமில்லை என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார், நோய் காத்திருக்காது என்பதால் அவர்களும் கரண்ட் வைத்துவிட்டார்கள். அந்தப் பாக்குதான் கன்னத்தைத் தின்றது என்று அதே டாக்டர் சொன்னது மட்டும் அவர் காதில் ஏறவே இல்லை.

கரண்ட் வைத்த பிறகு எச்சில் வற்றிப்போயிற்று. எச்சில் இல்லாத வாயில் பல் மளமளவென்று சொத்தையாகும், தண்ணீரை அடிக்கடி ஒரு வாய் குடியுங்கள், இனிப்புத் தொடாதீர்கள், இந்த ஜெல்லைத் தினமும் பல்லில் வையுங்கள் என்றார்கள். ஜெல் பீரோ மேலே தூசி படிந்து கிடக்கிறது, உன் அத்தா வாய் வறளுகிறது என்று ஆரஞ்சு மிட்டாயைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டிருந்தார், நான் பிடுங்கி எறிந்தால் சட்டைப் பையில் இன்னொன்று இருக்கும். ஒரு பல் வலித்ததும் என்னிடம் சொல்லாமல் மண்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன கிளினிக்கில் போய்ப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். கரண்ட் வைத்ததையும் சொல்லவில்லை, சர்க்கரை இருப்பதையும் சொல்லவில்லை, அந்த ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதை வைத்து ஓட்டிவிடலாம் என்று நினைத்திருக்கிறார். அந்தக் குழி ஆறவே இல்லை. உள்ளே எலும்பு தெரிகிறது, தாடைக்கு அடியில் ஓட்டை விழுந்து சீழ் வடிகிறது, வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது, கஞ்சியை ஓரமாக ஊற்றுகிறேன். தாடையை வெட்டிக் காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்கலாம், ஆனால் மயக்க மருந்தை அவர் இதயம் தாங்காது என்கிறார்கள். இனிமேல் கழுவுவதும் மாத்திரையும்தான், குணமாகும் என்று யாரும் சொல்லவில்லை.

இந்த நிலைமையிலும் மண்டி நினைப்புதான். கணக்குப்பிள்ளை ஈஸ்வரமூர்த்தி அண்ணன் பாக்குச் சாம்பிள் கொண்டுவந்தபோது அத்தா என்னைக் கடிக்கச் சொல்லி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். துவர்ப்பு தலைக்கு ஏறி நான் துப்பிவிட்டேன். "உனக்கு ஆவாது புள்ள, ஜாவித்த வரச்சொல்லு, அவன் பல்லு நல்ல பல்லு" என்றார். அன்றிலிருந்து இதே பேச்சுதான், இந்தக் கடிதமே உன்னைக் கூப்பிடத்தான் என்று நினைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

நீ வராதே. உனக்கும் சர்க்கரை வந்துவிட்டது, பல் தேய்த்தால் ஈறில் இரத்தம் வருகிறது என்று நீயே சொன்னாய், அதை உடம்புச் சூடு என்று விட்டுவிடாதே, சர்க்கரைக்காரர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் கட்டுப்படாதாம். உன்னை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று எனக்கு ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வந்தால் அவர் உன் கையைப் பிடித்துக்கொள்வார், நீ முடியாது என்று சொல்லமாட்டாய், என் பிள்ளையை எனக்குத் தெரியாதா. அப்புறம் உன் வாயிலும் அந்தப் பாக்குதான். லீவு கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். கண் மூடும் வரைக்கும் உன்மேல் கோபமாகத்தான் இருப்பார், அதை நீ தாங்கிக்கொள்ளவேண்டும்.

இப்போது எழுந்து வந்து என் தோள் பக்கத்தில் நிற்கிறார். சர்க்கரையால் கண் மங்கிவிட்டதால் நான் எழுதியது அவருக்குத் தெரியாது. தன் பங்குக்கு எழுதச் சொல்கிறார். "சீசனுக்கு முன்னால வந்துரு கண்ணு, பாக்குப் பாக்க உனக்குக் கத்துக்குடுத்துப்போடறேன்." இதைச் சொல்லி முடிப்பதற்குள் வடிந்த சீழை இரண்டு தடவை துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். நீ வரவேண்டாம்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் நோயில்லாத உடம்பையும் தரட்டும். பல் டாக்டரிடம் போகும்போது சர்க்கரை இருப்பதை முதலில் சொல்.

உன் அம்மா,
சாஜிதா பேகம்
கோட்டைமேடு, கோவை