என் தலையில் வைத்த காந்தம்

மார்ச் 3, செவ்வாய்

ஆம்புலன்ஸ் ஓட்ட வந்து இருபத்திரண்டு வருஷம். போனில் மேப் போட்டதே இல்லை. அதற்காகவே சூப்பர்வைசர் என் பெயரை மூளை ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டார். மனுஷன் எப்படி வழி கண்டுபிடிக்கிறான் என்று பார்க்கிறார்களாம்.

நாற்காலியில் உட்காரவைத்து, எட்டு மாதிரி வளைந்த காந்தச் சுருளைத் தலைக்குப் பின்னால் பிடித்து டக் டக் என்று அடித்தார்கள். பிறகு கம்ப்யூட்டரில் பெயர்ப்பலகையே இல்லாத ஓர் ஊர். அதில் மருந்துக்கடையைத் தேடிப் போக வேண்டும். வலியில்லை, வெட்டில்லை, ஆபத்தில்லை என்றார் ஆராய்ச்சி மேடம். இத்தனை 'இல்லை' எதற்கு?

மார்ச் 6, வெள்ளி

பழைய மார்க்கெட்டுக்குப் பின்னால் திரும்ப வேண்டியவன் நேரே போய்விட்டேன். வண்டிக்குள் மூச்சுத் திணறும் ஆள். நாலு நிமிஷம் வீண். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். கூட வந்த நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தலையில் கைவைத்து மூன்றே நாள். தற்செயலாம், தற்செயல்!

மார்ச் 10, செவ்வாய்

இரண்டாவது தடவை. காந்தத்தின் வேலை அரை மணிக்கு மேல் தங்காது என்கிறார் மேடம். பாதிப் பேருக்கு நிஜக் காந்தம், பாதிப் பேருக்கு வெறும் சத்தம். யாருக்கு எது என்று எல்லாம் முடியும்வரை அவருக்கே தெரியாதாம். யார் காதில் பூ சுற்றுகிறார்? நோட்டை எட்டிப் பார்த்தேன். சட்டென்று மூடினார்.

மார்ச் 12, வியாழன்

வேலை முடிந்து வரும்போது, என் வீட்டுத் தெருமுனையில் நின்று யோசித்தேன். இடதா? வலதா? — என் தெரு!

மார்ச் 14, சனி

வீட்டுக்காரி சமையலறையில் தன் தம்பியோடு போனில் குசுகுசு. "அத்தான்கிட்ட இப்ப எதுவும் சொல்லிடாதடா." என்னைக் கண்டதும் பேச்சு மாறிவிட்டது. கட்டின பெண்டாட்டியும் அந்தக் கூட்டத்தோடு சேர்த்தியா?

மார்ச் 18, புதன்

சட்டைப்பையில் ஒரு சீட்டு. எங்கள் வீட்டு விலாசம், இவள் கையெழுத்து. கேட்டால், "சும்மா இருக்கட்டும்" என்கிறாள்.

மார்ச் 25, புதன்

எல்லோருக்கும் சோதனை முடிந்துவிட்டது. இந்த நோட்டை எடுத்துக்கொண்டு சண்டைக்கே போனேன். சூப்பர்வைசரும் கூட வந்தார்.

"என் தலையைக் கெடுத்துட்டீங்க. தேதியோட எழுதி வெச்சிருக்கேன்."

மேடம் வாங்கி முழுதும் படித்தார். பிறகு ஒட்டியிருந்த ஓர் உறையைப் பிரித்து, என் பெயரைத் தேடி, தாளை என் பக்கம் திருப்பினார்.

"உங்களுக்கு ஒரு நாள்கூட நிஜக் காந்தம் வைக்கலைங்க. வெறும் சத்தம்தான்."

மூன்று தடவை படித்தேன். சண்டை போட ஆளில்லை. நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று மேடம் மெதுவாகச் சொன்னார். வண்டிச் சாவியை நானே சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வாங்கினார்.

வீட்டுக்கு வந்து, எனக்கு வழி மறப்பது எப்போதிலிருந்து தெரியும் என்று இவளைக் கேட்டேன்.

"போன வருஷத்துல இருந்து."

பயமாக இருக்கிறது. அதைச் சொன்னால் என்ன குறைந்துவிடும்? பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 30, திங்கள்

டாக்டரிடம் போனோம். கார் இவள்தான் ஓட்டினாள். தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் "இடது பக்கம் போ" என்றேன். இவள் வலது பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரி வந்துவிட்டது.