கார்லிஸ் கையெழுத்திட்ட புத்தகம்

அன்புள்ள அம்மா,

அயோவாவில் பனி கொட்டுகிறதாமே, உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டென்னசியில் நான் சௌக்கியம்.

நீ தலைமாட்டில் வைத்து அழுது அழுது படிக்கும் நாவல்களை எழுதும் என் முதலாளியம்மா கார்லிஸ், படியில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டாள். பெரிதாக ஒன்றுமில்லை. அவள் கதைகளில் வருவது போலவே, பக்கத்து வீட்டு வில்டா கோழியும் நூடுல்ஸும் சேர்த்துச் சுட்டு, கண்ணாடிப் பாத்திரத்தோடு சூடாகக் கொண்டுவந்தாள்.

"உன் கைப்பக்குவம் யாருக்கு வரும், கண்ணு!" என்று கார்லிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். கதவு சாத்தியதும், "லோர்னா, இந்தக் கண்றாவியக் குப்பைல கொட்டு" என்றாள்.

"பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதே, மேடம்?"

"என் புஸ்தகம் ஒண்ணு கையெழுத்தோட வச்சுக் குடு. அழுதுடுவா."

வில்டா அழுதேவிட்டாள்.

நான் அதைக் கொட்டவில்லை. சமையலறையில் நின்றபடியே சாப்பிட்டேன். உன் கைமணம் அப்படியே இருந்தது. நீ செய்யும் முறையை எழுதி அனுப்பு.

நீ கேட்ட புத்தகம் இத்துடன் வருகிறது. கார்லிஸ் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை அம்மா, எல்லாம் நான்தான். முதல் பக்கத்தில் 'உன் நினைவாகவே இருக்கிறேன்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பு. மற்ற பக்கங்களை அடுப்பு மூட்ட வைத்துக்கொள்.

மணி அடிக்கிறாள், போகிறேன்.

லோர்னா